கனிமப் பணம் பள்ளிக்குப் போகட்டும்

1968-ம் ஆண்டு ஆசியாவின் இரண்டு மூலைகளில் இரும்பை நம்பி இரண்டு முயற்சிகள் தொடங்கின. அன்றைய மத்தியப் பிரதேசத்தின் பஸ்தர் பகுதியில், இன்றைய சத்தீஸ்கரின் தண்டேவாடா மாவட்டத்தில் உள்ள பைலாடிலா மலைத்தொடரில், மத்திய அரசின் தேசியக் கனிம வளர்ச்சிக் கழகம் முதல் இயந்திரச் சுரங்கத்தை இயக்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் தென் கொரியாவில், பின்னாளில் ‘போஸ்கோ’ என்று உலகம் அறிந்த எஃகு நிறுவனம் பிறந்தது. பைலாடிலாவின் தாதுவில் நூற்றுக்கு 65 பங்கு இரும்பு. உலகின் உயர்தரத் தாதுக்களில் அதுவும் ஒன்று. கொரியர்கள் ஆலைக்குத் தேர்ந்தெடுத்த போஹாங் என்ற கடலோர ஊரிலோ மணல்தான் இருந்தது. தாதுவையும் உலைக்கு வேண்டிய நிலக்கரியையும் கப்பலில்தான் கொண்டுவர வேண்டும். புவியியல் மட்டுமே ஒரு நாட்டின் பொருளாதாரத்தைத் தீர்மானிக்கும் என்றால், இந்த இரண்டில் எது வளரும் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்திருக்காது.

நடந்தது வேறு. பைலாடிலாவின் தாது, ஜப்பானிய ஒத்துழைப்புடன் மலைகளைக் குடைந்து போட்ட ரயில் பாதையில் அரக்குப் பள்ளத்தாக்கைக் கடந்து விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு இறங்கியது. அங்கிருந்து ஜப்பானுக்கும், பின்னாளில் கொரியாவுக்கும் கப்பல் ஏறியது. ஒரு பகுதி விசாகப்பட்டினம் எஃகு ஆலைக்குப் போனது. பஸ்தர் மண்ணிலேயே, ஜகதல்பூரை அடுத்த நாகர்னாரில், அதே கழகம் அமைத்த எஃகு ஆலை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது 2023 அக்டோபரில்தான். தாது வெட்டத் தொடங்கி 55 ஆண்டுகள் கழித்து. போஸ்கோ அதற்குள் உலகின் முன்னணி எஃகு நிறுவனங்களில் ஒன்றாகிவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் எழுத்தறிவு 73 சதவீதம். தண்டேவாடாவில் 42 சதவீதம். இரும்பு மலையின் அடிவாரத்தில் வாழ்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, தங்கள் நிலத்தைப் பற்றிய அரசாணையைப் படித்தறிய வழியில்லை. கனிமம் ஒரு நாட்டைத் தானாக வளர்ப்பதில்லை. அந்த வருமானம் அங்குள்ள மக்களின் கல்வியாகவும், அந்தக் கல்விக்கேற்ற வேலையாகவும் மாறும்போதுதான் அது வளர்ச்சி என்பதே இந்த ஒப்பீடு சொல்லும் செய்தி. மாறாவிட்டால் அது விதைநெல்லைக் குத்தித் தின்ற கதைதான்.

கொரியாவின் எஃகுக்கு முன்னால் அதன் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஜப்பானியரிடமிருந்து கொரியா விடுபட்ட நாளும் ஆகஸ்ட் 15தான், ஆண்டு 1945. அப்போது அங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 22 சதவீதம். இந்தியாவில் 1951-ல் 18 சதவீதம். தொடக்கக் கோடு கிட்டத்தட்ட ஒன்றுதான். நாடு பிளவுபட்டபோது சுரங்கங்கள், நீர்மின் நிலையங்கள், கனரகத் தொழில்கள் ஆகியவற்றில் பெரும்பகுதி வடக்கே போயிற்று. 1948 மே மாதம் வடக்கு மின்சாரத்தையே துண்டித்தது. அதன்பின் மூன்றாண்டுப் போர் தெற்கைத் தரைமட்டமாக்கியது. ஆனாலும் 1954-ல் ஆறாண்டு கட்டாயத் தொடக்கக் கல்வித் திட்டம் தொடங்கியது; பத்தாண்டு முடிவதற்குள் பள்ளி வயதுக் குழந்தைகளில் 95 சதவீதத்துக்கு மேல் வகுப்பறைக்குள் வந்துவிட்டார்கள். ஒரு வகுப்பில் அறுபது பேருக்கு மேல், ஒரே கட்டடத்தில் இரண்டு ஷிப்ட், மாட்டை விற்று மகனைப் படிக்கவைத்த குடியானவர்கள்: இதுதான் அன்றைய நிலை. 1960-ல் தென் கொரியரின் சராசரி ஆண்டு வருமானம் 160 டாலரைத் தாண்டவில்லை. ஆக, பணம் வந்த பிறகு பள்ளி கட்டிய நாடு அல்ல அது. ‘வளர்ந்த நாடுதான் படிக்கவைக்க முடியும்’ என்று காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிச் சொல்பவர்களுக்கு இந்தக் கால வரிசையே பதில்.

போஹாங் ஆலையின் பிறப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். உலக வங்கி அந்தத் திட்டம் கட்டுப்படியாகாது என்று கருதியது; கடன் தருவதாக இருந்த மேற்கத்திய நிறுவனங்கள் பின்வாங்கின. 1965 உடன்படிக்கையின்படி ஜப்பான் கொடுத்த இழப்பீட்டுத் தொகையில் ஒரு பகுதியை ஆலைக்குத் திருப்பினார் நிறுவனத் தலைவர் பார்க் டே-ஜூன். உலை எழும்புவதற்கு முன்பே பொறியாளர்களும் தொழிலாளர்களும் அணி அணியாக ஜப்பானிய ஆலைகளுக்குப் பயிற்சிக்குப் போனார்கள். 1973-ல் முதல் உலை இரும்பை உருக்கியபோது அதை இயக்கியவர்கள் கொரியர்கள். கையேட்டைப் படித்து, அளவுமானியைப் புரிந்து, தவறைக் குறித்துவைத்துத் திருத்தத் தெரிந்த தொழிலாளி ஒரே நாளில் உருவாகிவிடுவதில்லை. 1950களில் நெரிசலான வகுப்பறையில் உட்கார்ந்திருந்த சிறுவன்தான் 1973-ல் உலை முன் நின்றான். அதே நிறுவனம் 1986-ல் போஹாங்கில் ஒரு அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. எஃகில் ஈட்டிய லாபம் மீண்டும் கல்விக்கே திரும்பியது.

கனிமம் மிகுந்த இடங்கள் ஏன் பெரும்பாலும் இந்த வழியில் போவதில்லை? ஐஸ்லாந்துப் பொருளியலர் தோர்வால்டூர் கில்ஃபாசன் 2001-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. தேசச் செல்வத்தில் இயற்கை வளத்தின் பங்கு கூடக்கூட, கல்விக்கான பொதுச் செலவும், உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையும், பெண்குழந்தைகள் பள்ளியில் இருக்கும் ஆண்டுகளும் குறையும் போக்கைப் பல நாடுகளின் தரவுகளில் அவர் கண்டார். காரணம் விளங்காத புதிர் அல்ல. மக்களின் உழைப்பிலிருந்து வரி வாங்கி வாழும் அரசு, அந்த உழைப்பின் மதிப்பு கூட வேண்டும் என்று நினைத்தே ஆக வேண்டும். மலையை வெட்டி ராயல்டி வாங்கும் அரசுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வெட்டியெடுக்கச் சில நூறு பொறியாளர்களும் சில ஆயிரம் கூலித் தொழிலாளர்களும் போதும். மற்றவர்கள் படித்தாலும் படிக்காவிட்டாலும் கஜானாவுக்கு ஒன்றே. நவுரு என்ற குட்டித் தீவு பாஸ்பேட்டை வெட்டி விற்று 1970களில் தனிநபர் வருமானத்தில் உலகின் முன்வரிசையில் இருந்தது. மெல்போர்னில் அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பியது. லண்டனில் லியனார்டோ டாவின்சியைப் பற்றிய இசை நாடகத்துக்குப் பணம் போட்டு இழந்தது. பாஸ்பேட் தீர்ந்தபோது தீவின் நடுப்பகுதி குதறிப்போட்ட சுண்ணாம்புப் பாறைக்காடாகக் கிடந்தது. கையில் வேறு தொழில் இல்லை. அந்தக் கட்டடமும் 2004-ல் கைமாறியது.

இங்கே முதல் மறுப்பு வரும். நார்வே எண்ணெயால் செழிக்கவில்லையா? போட்ஸ்வானா வைரத்தால் எழவில்லையா? இரண்டும் உண்மை. ஆனால் நார்வேயின் கடலில் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது 1969-ல். எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கு வர வேண்டும் என்ற அரச ஆணை அங்கே பிறந்தது 1739-ல். எண்ணெய் வந்தபோது கப்பல் கட்டவும் மின்நிலையம் அமைக்கவும் தெரிந்த பொறியாளர்கள் அங்கே தயாராக இருந்தார்கள். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் படித்துக் கேள்வி கேட்ட அதிகாரிகளும் குடிமக்களும் இருந்தார்கள். வருமானத்தை எதிர்காலத் தலைமுறைக்கான நிதியாகச் சேர்க்கும் சட்டம் 1990-ல் வந்தது. போட்ஸ்வானாவின் நிலை நேர்மாறு. 1966-ல் விடுதலை பெற்றபோது அந்த நாட்டில் பட்டதாரிகள் 22 பேர். தார்ச்சாலை 12 கிலோமீட்டர். மறு ஆண்டே வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. வைர நிறுவனத்தில் அரசு சரிபாதிப் பங்கைப் பேரம் பேசிப் பெற்றது. 1980-ல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியது. வைரப் பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சாலைக்கும் போயிற்று. அதனால்தான் அது ஆப்பிரிக்காவின் விதிவிலக்காக நின்றது. ஆனால் படித்தவர்களுக்கான வேறு தொழில்களை அதே வேகத்தில் வளர்க்கவில்லை. ஆய்வகத்தில் செய்யும் வைரம் சந்தைக்கு வந்து விலை சரிந்ததும் 2024-ல் அதன் பொருளாதாரமே சுருங்கியது. இரண்டு நாடுகளும் என் வாதத்தை மறுக்கவில்லை, கூர்மைப்படுத்துகின்றன.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது: கல்வி மட்டும் இருந்தால் போதுமா? இலங்கை 1945-லேயே இலவசக் கல்வியைக் கொண்டுவந்தது. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் பெயரை அந்த நாடு இன்றும் நன்றியுடன் சொல்கிறது. எழுத்தறிவில் தெற்காசியாவின் முன்னோடி அது. ஆனால் படித்த இளைஞர்களுக்கு வேலை இல்லாமல் 1971-ல் கிளர்ச்சி வெடித்தது. 2022-ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நாடு கைவிரித்தது. வட கொரியாவிடம் கனிமமும் இருந்தது, எழுத்தறிவும் இருந்தது, வளர்ச்சி இல்லை. படித்தவனைப் பயன்படுத்தும் தொழில், அவன் சிந்தனைக்கு இடம் தரும் அரசியல், அவன் செய்த பொருளுக்குச் சந்தை ஆகிய மூன்றும் இல்லையென்றால் கல்வி சான்றிதழாகவே தங்கிவிடும். இலங்கை இன்னொன்றையும் காட்டுகிறது. அந்த இலவசக் கல்விக்குப் பணம் கொடுத்ததில் தேயிலை ஏற்றுமதிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் கொழுந்து பறித்த மலையகத் தமிழர்களின் பிள்ளைகள் படித்த தோட்டப் பள்ளிகள் அரசுப் பொறுப்புக்கு வந்ததே 1970களில்தான். அதே பத்தாண்டில் பல்கலைக்கழக அனுமதியில் கொண்டுவந்த தரப்படுத்தல், தமிழ் மாணவர்களின் வழியை அடைத்து, நாட்டைப் போரை நோக்கித் தள்ளிய காரணங்களில் ஒன்றானது. கல்வியைக் கொடுத்துவிட்டு வாய்ப்பை மறுப்பதும், வளத்தை எடுத்த இடத்திலேயே கல்வியை மறுப்பதும் ஒரே தவறின் இரு வடிவங்கள். ஆகவே ‘கல்வி போதாது’ என்பது சரி. ‘ஆகையால் கல்வி இரண்டாம்பட்சம்’ என்பது சரியல்ல.

மூன்றாவது மறுப்பு நம் நாட்டைப் பற்றியது. ஒரு நாட்டோடு ஒரு மாவட்டத்தை ஒப்பிடுவது நியாயமா? மத்திய, கிழக்கு மாநிலங்கள் பின்தங்கியதற்கு டெல்லியின் சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை காரணமில்லையா? காரணம்தான். 1950களில் தொடங்கி 1990களின் தொடக்கம்வரை, நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே விலையில் எஃகு கிடைக்கும்படி அந்தக் கொள்கை செய்தது. கனிமம் உள்ள இடத்தில் ஆலை அமைப்பதால் வரும் இயல்பான ஆதாயத்தை அது பறித்தது. அதன் பலனைத் தமிழ்நாடும் மகாராஷ்டிரமும் அனுபவித்தன என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரே விலையில் எஃகு கிடைத்த எல்லா மாநிலங்களும் தொழில் மாநிலங்களாக மாறிவிடவில்லையே. தவிர, பஸ்தருக்குப் பள்ளிக்கூடம் வராததற்குச் சரக்குக் கட்டணம் காரணமல்ல. பத்தாண்டுக்குள் 14 வயதுவரை எல்லோருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்று 1950-லேயே நம் அரசமைப்புச் சட்டம் வழிகாட்டியது. அது சட்டப்பூர்வ உரிமையாக நடைமுறைக்கு வந்தது 2010-ல். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் ஐஐடிகளையும் பெரும் ஆய்வகங்களையும் கட்டினோம். அடித்தளமான ஊர்ப் பள்ளியை மாநிலங்களின் தயவுக்கு விட்டோம். கொரியா கீழிருந்து மேலே போனது. நாம் மேலிருந்து தொடங்கினோம். பஸ்தரில் நிலைமை இன்னும் மோசம்: மாவோயிஸ்ட்டுகள் பள்ளிக் கட்டடங்களைத் தகர்த்தார்கள், பாதுகாப்புப் படைகள் பள்ளிகளில் முகாமிட்டன, கடைசியில் மூங்கில் தட்டிகளால் கட்டிய உறைவிடப் பள்ளிகளில் பழங்குடிக் குழந்தைகள் படிக்க வேண்டியதாயிற்று.

கொரியாவின் இரண்டு நிறுவனங்கள் இந்தியாவுக்கு வந்த கதையை அருகருகே வைத்துப் பார்க்கலாம். போஸ்கோ 2005-ல் ஒடிசா அரசோடு ஒப்பந்தம் போட்டது. ஜகத்சிங்பூர் மாவட்டத்தில் 1,200 கோடி டாலர் முதலீட்டில் எஃகு ஆலை. அது தேடி வந்தது இரும்புத் தாதுவை. வெற்றிலைக் கொடிக்கால் வைத்துப் பிழைத்த ஊர்மக்கள் நிலத்தைக் கொடுக்க மறுத்தார்கள். காட்டு அனுமதி சிக்கலானது. சுரங்கத்தை ஏலத்தில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் மாறியது. 2017-ல் போஸ்கோ வெளியேறியது. ஹூண்டாய் 1996-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது, 1998-ல் முதல் கார் வெளிவந்தது, இன்றும் இருக்கிறது. அதற்குத் தமிழ்நாட்டில் கனிமம் தேவைப்படவில்லை. துறைமுகம், அரசுச் சலுகை, ஏற்கெனவே இருந்த உதிரிபாகத் தொழில் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் சலுகையை எந்த மாநிலமும் கொடுக்கலாம், ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் படித்த ஒரு தலைமுறையை ஆணை போட்டு வரவழைக்க முடியாது. 1956-ல் காமராஜர் பள்ளியில் போட்ட மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். அதை விரிவாக்கிய சத்துணவும் அந்தத் தலைமுறையின் முதலீடு. 2021-22-ம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டின் விகிதம் 47.

இதைச் சொல்லும்போது தமிழ்நாடு தன் முதுகைத் தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. எரிக் ஹனுஷெக், லூட்கர் வூஸ்மன் ஆகிய இரு பொருளியலர்களும் தொடர்ந்து காட்டிவருவது இதுதான்: வளர்ச்சியோடு நெருங்கிய உறவு கொண்டது மாணவர் பள்ளியில் கழித்த ஆண்டுகளின் எண்ணிக்கையைவிட, அவர்கள் உண்மையில் கற்றுக்கொண்டதன் அளவு. கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்பு மாணவர்களில் பாதிப்பேருக்குக்கூட இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படிக்க வரவில்லை என்று கிராமப்புறக் குழந்தைகளின் கற்றல் நிலையை அளக்கும் ‘அசர்’ அறிக்கை 2024-லும் சொன்னது. பொறியியல் பட்டம் வாங்கிவிட்டு உணவு விநியோக வண்டி ஓட்டும் இளைஞர்கள் சென்னைத் தெருக்களுக்குப் புதியவர்கள் அல்ல. இலங்கை 1971-ல் கண்டது, படிப்புக்கும் வேலைக்கும் இடையே விழுந்த அதே பள்ளம்தான். சேர்க்கை விகிதம் முதல் படி மட்டுமே. கற்றலும் வேலையும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும்.

இந்த வாதத்தை இன்று பேச உடனடிக் காரணம் இருக்கிறது. 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ராயல்டி என்பது வரி அல்ல, கனிம உரிமைக்கும் கனிம நிலத்துக்கும் வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலிருந்து போன இந்தியா சிமென்ட்ஸ் வழக்கில் 1989-ல் எடுத்த முடிவு இதனால் மாறியது. 2005 ஏப்ரல் முதலான நிலுவையை, 2026 ஏப்ரலில் தொடங்கி 12 ஆண்டுகளில் வசூலிக்கவும் நீதிமன்றம் வழிவிட்டது. தமிழ்நாடும் 2024 டிசம்பரில் கனிம நிலங்களுக்கு வரி விதிக்கும் சட்டத்தை இயற்றிவிட்டது. ஏற்கெனவே 2015 முதல், சுரங்க நிறுவனங்கள் பணம் செலுத்தும் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் இயங்குகின்றன. அவற்றில் சேர்ந்த தொகை நாடு முழுவதும் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. இந்த நிதியில் பெரும்பகுதியைக் குடிநீர், சுகாதாரம், கல்வி போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குச் செலவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் கல்விக்கு இவ்வளவு என்ற உறுதியான வரம்பு இல்லை. கல்விக்கென்று ஒதுக்குவதும் பல இடங்களில் சுற்றுச்சுவராகவும் வகுப்பறைக் கட்டடமாகவும் முடிந்துவிடுகிறது. ஒப்பந்ததாரருக்குக் கட்டடம் பிடிக்கும். ஆசிரியர் சம்பளத்தில் அவருக்கு லாபம் இல்லை. சத்தீஸ்கரில் இந்த நிதி பற்றிய முறைகேட்டுப் புகார்கள் அமலாக்கத் துறை விசாரணைவரை போயின.

சாலையும் மருத்துவமனையும் வேண்டாமா, எல்லாவற்றையும் பள்ளியில் கொட்ட வேண்டுமா என்று கேட்கலாம். சாலையும் மருத்துவமனையும் வேண்டும்தான், ஆனால் அவை அரசின் பொது வரவிலிருந்தும் வரலாம். கனிம வருமானத்துக்குத் தனித்தன்மை ஒன்று உண்டு: அது ஒருமுறைதான் வரும். ஒருமுறை வரும் பணத்தை, ஒருவர் ஆயுள் முழுக்கப் பயன்படும் பொருளாக மாற்றுவதே நியாயமான கணக்கு. அதற்குத் தெளிவான வழிகள் உள்ளன. புதிய கனிம வரியிலும் நிலுவையிலும் மாவட்ட அறக்கட்டளை நிதியிலும் மூன்றில் ஒரு பங்கையாவது கல்விக்கென்று சட்டத்திலேயே எழுத வேண்டும். அந்தப் பங்கில் பெரும்பகுதி ஆசிரியர்களுக்கும், கோண்டி போன்ற தாய்மொழியில் தொடங்கும் தொடக்கக் கல்விக்கும், பெண்குழந்தைகளுக்கான விடுதிக்கும் போக வேண்டும். சுரங்க நிறுவனங்கள் அந்தந்த மாவட்ட இளைஞர்களுக்கு ஐடிஐ பயிற்சியும் அதன் முடிவில் வேலையும் தருவது குத்தகையின் நிபந்தனையாக வேண்டும். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, குழந்தைகள் எவ்வளவு கற்றார்கள் என்ற மூன்று கணக்கையும் ஆண்டுதோறும் கிராமசபையில் படித்துக்காட்ட வேண்டும். இதைச் செய்யாத மாநிலத்துக்கு அடுத்த குத்தகையை அறிவிக்க உரிமை இருக்கக் கூடாது. வெட்டிய மலை திரும்பி வளரப்போவதில்லை. அந்த மலையின் விலையில் அதன் அடிவாரத்தில் பிறந்த குழந்தைக்கு உரிய பங்கைப் பள்ளியாகக் கொடுப்பது சலுகை அல்ல, கடன். அந்தக் கடனை அடைக்க இன்னொரு 55 ஆண்டு எடுத்துக்கொள்ள எந்த அரசுக்கும் அனுமதி இல்லை.